200 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்கள், வாங்காதவர்கள்: உங்கள் அனுபவம்?

நள்ளிரவுக் கேட்பாளன்:
30 வாட்டை விற்றுவிட்டு 200 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். முகப்பில் எத்தனை வாட் போகிறது என்று காட்டும் பெரிய முள் மீட்டர்கள். அதற்காகவே வாங்கினேன் என்றாலும் பொய்யில்லை. ஸ்பீக்கர் பழையதுதான்: 87 டெசிபெல் (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எழும் ஒலி), 8 ஓம் (மின்தடை). இரண்டரை மீட்டர் தள்ளி உட்காருகிறேன். முதல் நாள் விளக்கை அணைத்துவிட்டு வழக்கமான அளவில் பாட விட்டேன். முள் 0.3 வாட்டில் நடுங்கிக்கொண்டு நின்றது. மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இந்த முள் ஒட்டிக்கொண்டதா?" என்றாள். ஒரு மாதமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதற்குள் "ஒலி எப்படித் திறந்திருக்கிறது பார்" என்று மனைவியிடம் வேறு சாதித்துவிட்டேன்.

கருகிய ட்வீட்டர்:
குறைந்த வாட் என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு: 100 வாட் தாங்கும் என்று முதுகில் எழுதிய ஸ்பீக்கரை என் 25 வாட் கொன்றது. வீட்டில் விருந்தாளிகள், யாரோ வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டார். கால் மணி நேரத்தில் ஜால்ராச் சத்தம் காணாமல் போனது. பாடகர் போர்வைக்குள் போய்விட்டார். மறுநாள் ட்வீட்டரை, அதாவது கீச்சொலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரை, கழற்றினால் கம்பிச்சுருளில் கருகிய வார்னிஷ் வாடை. இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

கணக்குப்புலி:
கருகியவரே, கொன்றது 25 வாட் அல்ல, திருகிய கை. ஆம்ப்ளிஃபயரின் எல்லையைத் தாண்டினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். உச்சி அங்கேயே நிற்க, அதுவரை அடங்கியிருந்த மெல்லிய பகுதிகள் மேலே ஏறிவிடும். ட்வீட்டருக்குப் போகும் சராசரி மின்சக்தி கூடும். தொடர்ந்து அது தாங்குவது சில வாட்தான். முதுகில் எழுதிய 100 ஸ்பீக்கர் முழுவதற்கும்.

நள்ளிரவுக்காரரே, முள் சோம்பேறி, சராசரியைத்தான் காட்டும். ஒரு மேள அடி சராசரியைவிட 20 டெசிபெல்கூட எகிறும். அது 100 மடங்கு. 0.3 வாட் 30 ஆகும். நீங்கள் விற்றதே போதுமானதாக இருந்தது, மன்னிக்கவும். வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்கு இரு மடங்கு உரக்கத் தோன்றவே ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும்.

என் கதை சின்னது. ஒலி குறைவாக எழுப்பி மின்சாரம் அதிகம் இழுக்கும் 82 டெசிபெல், 4 ஓம் ஸ்பீக்கரைச் சிறிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன், இரண்டாம் பாட்டில் சூடேறி அணைந்துவிட்டது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் கேட்கும் அதிகபட்ச அளவில் வால்யூம் குமிழை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டு ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றுங்கள். முழு அளவில் பதிந்த 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் அளவெடுங்கள். வோல்ட்டை அதனாலேயே பெருக்கி ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் உங்களுக்குத் தேவையான வாட். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் மட்டும் இதைச் செய்யவே வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். குமிழை இறக்கிய பிறகே கம்பிகளைத் திரும்ப மாட்டுங்கள்.

கருகிய ட்வீட்டர்:
திருகியது என் கை இல்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

நள்ளிரவுக் கேட்பாளன்:
அளந்தேன். 6 வோல்ட். 36ஐ 8ஆல் வகுத்தால் 4.5 வாட். மகள்தான் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் சொல்லாமலிருக்க என்ன தருவாய் என்கிறாள்.