மறு: ‘இளவரசர் காசு’ வேண்டாம், ‘கிளைக்காசு’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம். 4ஆம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், பேரரசரின் உறவினர் பெயரில் அச்சான சின்னக் காசுகளுக்கு நம் அகராதியில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> கான்ஸ்டன்டைன் குடும்பத்தாரின் சின்ன வெண்கலக் காசுகளுக்கு ‘இளவரசர் காசு’ என்றே எழுதிவிடலாம். பள்ளிப் புத்தகம் படித்த எவருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். இந்த வகையைச் சேகரிப்பவர்கள் தேடி அலையும் பேர்களைப் பாருங்கள். கான்ஸ்டன்டைனின் தம்பி மகன் டெல்மாட்டியுஸுக்குச் ‘சீசர்’, அதாவது துணைப் பேரரசர் பட்டம். அவருடைய சகோதரர் ஹன்னிபல்லியானுஸ் சீசர் அல்ல. ‘ரெக்ஸ்’, அதாவது அரசர். ஹெலெனா பேரரசரின் தாய், தியோடோரா மாற்றாந்தாய், ஃபௌஸ்தா மனைவி. அதே காலத்தில் ரோமை ஆண்ட மாக்சென்டியுஸின் மகன் ரோமுலுஸ் 309இல் இறந்த பிறகுதான் காசில் ஏறுகிறான். குவிமாடக் கோயில், அதன் உச்சியில் கழுகு, ‘நிலைத்த நினைவுக்கு’ என்ற பொருளில் எழுத்து. மாற்றாந்தாயையும் செத்துப்போன பிள்ளையையும் இளவரசர் என்று எப்படி எழுதுவது?

பதவியை வைத்துப் பெயரிட்டால் இந்த வகை கையில் நிற்காது. இவர்கள் எல்லாரையும் காசில் ஏற்றியது பதவி அல்ல, உறவு. ஆளுகிறவனுக்கு இவர்கள் இன்ன முறை என்பதால்தான் அச்சே வெட்டப்பட்டது. சொல்லும் அந்த உறவிலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஹன்னிபல்லியானுஸின் காசையே எடுத்துக்கொள்வோம். குறுக்களவு சுமார் 15 மி.மீ., எடை ஒன்றரை கிராம் அளவு, சட்டைப் பொத்தான் போல இருக்கும். முன்புறத்தில் வெறுந்தலையுடன் வலப்பக்கம் பார்க்கும் இளைஞன். வாகைமாலையும் இல்லை, மணிமுடிப் பட்டையும் இல்லை. சுற்றிலும் ‘ஹன்னிபல்லியானோ ரெகி’, நான்காம் வேற்றுமையில், ‘அரசர் ஹன்னிபல்லியானுஸுக்கு’ என்று. பின்புறத்தில் சாய்ந்து கிடக்கும் யூப்ரடீஸ் நதித் தெய்வம், பக்கத்தில் நீர்க்குடம், பின்னால் நாணல். கான்ஸ்டான்டினோப்பிளைத் தவிர வேறு எங்கும் அச்சாகவில்லை. கிழக்கே ஆர்மீனியா, பொன்டுஸ் பக்கம் அரசராக்க எண்ணப்பட்டவர் என்பதால்தான் அந்த நதி. 337 மே 22 அன்று கான்ஸ்டன்டைன் இறந்தார். அந்தக் கோடையிலேயே டெல்மாட்டியுஸும் ஹன்னிபல்லியானுஸும் கொல்லப்பட்டார்கள். இதை ‘அரசர் காசு’ என்று பட்டியலில் போட்டால் படிப்பவர் எந்த நாட்டு அரசர் என்று தேடிக்கொண்டே இருப்பார்.

டெல்மாட்டியுஸ் கதை வேறு. அவருடைய பின்புறம் அந்த ஆண்டுகளில் எல்லாருக்கும் பொதுவானது: இரண்டு படைவீரர்கள், நடுவே கொடிக்கம்பம், ‘படையின் புகழ்’. மூட்டையாக வாங்கிய மண்ணொட்டிய காசுகளில் பலவற்றில் இதே படம்தான் இருக்கும். பெயர் எழுத்தைப் படித்தால் ஒழியப் பெரியப்பன் காசா, தம்பி மகன் காசா என்று சொல்ல முடியாது. அதிலும் சில காசில் ‘டெல்’, சில காசில் ‘டல்’. களிம்பைச் சுரண்டுகிற அவசரத்தில் அந்த ஓர் எழுத்தைத் தொலைத்தவர்கள் நம்மிடையே உண்டு.

> ‘குடும்பக் காசு’ என்றால் என்ன குறை?

குடும்பம் என்றால் கான்ஸ்டன்டைனும் அதில் அடக்கம். அவர் காசைத் தள்ளிவிட்டு மற்றவர்கள் காசை மட்டும் சுட்டுவதுதான் நமக்கு வேண்டியது. போதாததற்கு, வீட்டில் தாத்தா விட்டுப்போன காசையும் குடும்பக் காசு என்றுதான் சொல்கிறோம். ‘சுற்றக் காசு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதை வேகமாகச் சொல்லிப் பார்த்தால் ‘சுற்றுக்காசு’, புழக்கத்தில் சுற்றிய காசு என்று காதில் விழுகிறது. விட்டுவிடுவோம்.

‘கிளைக்காசு’ என்பதை முன்வைக்கிறேன். கிளை என்றால் சுற்றம். ‘கிளைஞர்’ குறளிலேயே இருக்கிறது, ‘கேளும் கிளையும்’ என்று இன்றும் எழுதுகிறோம். அடிமரத்தை விட்டுக் கிளையை மட்டும் சுட்டும் வசதி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> கிளை என்றதும் வங்கிக் கிளைதான் நினைவுக்கு வருகிறது. வெளியூர்ப் பட்டறைகளில் அச்சான காசு என்று எண்ணிவிடுவார்கள்.

இது நல்ல தடை. ட்ரியர், சிஸ்கியா, அந்தியோக்கியா என்று பேரரசு முழுவதும் நாணயச்சாலைகள் இருந்தன என்பதால் இந்தக் குழப்பம் வரலாம்தான். ஆனால் அவற்றுக்கு ‘அக்கசாலை’ என்ற சொல்லை ஏற்கெனவே ஏற்றிருக்கிறோம். கொற்கைக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயராகவே நிற்கிற சொல் அது. அக்கசாலைக்குள் இருக்கும் பிரிவுக்குப் ‘பட்டறை’. காசின் அடியில் இருக்கும் குறியை ‘ட்ரியர் அக்கசாலை, முதல் பட்டறை’ என்று விரித்து எழுதினால் கிளை என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

> எங்கள் பக்கம் கிளை என்றால் தாய்வழி. அப்பாவுக்கு ஒரு கிளை, பிள்ளைகளுக்கு அம்மாவின் கிளை. இது ரோமானியர்களுக்கு ஒத்துவருமா?

இதைத் தடையாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. எனக்கு இது துணையாகத்தான் படுகிறது. ரோமானியச் சட்டம் தந்தைவழிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குடும்பம் பிளந்தது தாய்மார்களின் வழியில். கான்ஸ்டான்டியுஸ் குளோருஸுக்கு ஹெலெனா மூலம் பிறந்தவர் கான்ஸ்டன்டைன். தியோடோரா மூலம் பிறந்தவர்கள் வேறு. டெல்மாட்டியுஸும் ஹன்னிபல்லியானுஸும் தியோடோராவின் பேரன்கள். 337இல் வெட்டுப்பட்டது பெரும்பாலும் அந்தக் கிளைதான். தப்பிய சிறுவர்கள் கால்லுஸும் ஜூலியனும்கூட அதே பாட்டியின் பேரன்கள்.

பேரன்கள் கொல்லப்பட்டதை ஒட்டி, 337 முதல் 340 வரை, அந்தப் பாட்டியின் பெயரிலேயே காசு வருகிறது. அப்போது அவர் உயிரோடு இல்லை. ட்ரியரில் அச்சானவற்றின் பின்புறத்தில் ஹெலெனாவுக்கு ‘பொது அமைதி’, தியோடோராவுக்குக் குழந்தையை ஏந்திய பெண்ணுடன் ‘ரோமானியப் பரிவு’. இரண்டிலும் பெயர் நான்காம் வேற்றுமை. இரண்டு பாட்டிகளையும் சமமாக வைத்தது சமாதானத்துக்காகவா, செய்த கொலையை மூடவா என்பதில் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். எனக்குக் கேட்டால், எவரோ ஒருவர் ‘அந்தக் கிளையும் எங்களுடையதுதான்’ என்று சொல்ல விரும்பியிருக்கிறார். இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்க இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லை எங்கே என்பதுதான் மீதி. கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியுஸ் 324 முதலே சீசராகக் காசில் இருக்கிறார். அவரையெல்லாம் சேர்த்தால் வகை ஊதிப்போகும். கடைசிவரை ‘அகஸ்டஸ்’, அதாவது முழுப் பேரரசர், ஆகாதவர் என்று வைத்துக்கொள்வோம். கான்ஸ்டன்டைனின் மூத்த மகன் கிறிஸ்புஸ், டெல்மாட்டியுஸ், கால்லுஸ், பேரரசர் பட்டத்தைப் பறித்துக்கொண்ட மாக்னென்டியுஸின் உறவினர் டெசென்டியுஸ் உள்ளே, பின்னாளில் பேரரசரான ஜூலியன் வெளியே. பெண்களுக்குக் கொடுத்த ‘அகஸ்டா’ பட்டம் ஆட்சி அல்ல, மரியாதை. ஆகவே அவர்கள் உள்ளே. கிறிஸ்புஸையும் ஃபௌஸ்தாவையும் 326இல் கான்ஸ்டன்டைனே கொல்லச் செய்ததால் அவர்கள் காசு அந்த ஆண்டோடு நிற்கிறது. சேகரிப்பவருக்கு இதைவிட உறுதியான கால எல்லை கிடைக்காது.

செம்பா, வெண்கலமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த செம்பு. வெண்கலம் என்றே எழுதுங்கள்.

இந்தச் சொல் வேறு நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு மட்டும் என்று ஒருவர் எழுதியதற்கு ஒரு வரி. கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைத்த ரோமானியச் செம்புக் காசுகளில் 4, 5ஆம் நூற்றாண்டுச் சின்னக் காசுகள் நிறைய. பெரும்பாலும் தேய்ந்தவை, அங்கேயே போலச்செய்தவையும் உண்டு. எப்போதாவது ஒன்றில் பெயர் தெரிந்தால் அட்டையில் எழுத ஒரு சொல் வேண்டாமா?

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

கிளைக்காசு (பெ.): ஆளும் பேரரசரின் உறவினர் ஒருவருடைய பெயரும் உருவமும் தாங்கி, பேரரசின் அதிகாரத்தில் அச்சான காசு. அந்த உறவினர் பேரரசர் ஆகாதவராக இருக்க வேண்டும். அவர் இறந்த பின் அச்சானதும் இதில் அடங்கும்.

‘பேரரசர் ஆகாதவர்’ என்ற இடத்தில் ‘அகஸ்டஸ் ஆகாதவர்’ என்றே போடலாமா என்று மட்டும் சொல்லுங்கள். குஷாணர், சாசானியர் காசுக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்த எண்ணினால் முதலாவதே மேல்.