ஒரே ஷேர்: விண்டோஸில் திறக்கிறது, லினக்ஸில் சிலருக்குத் திறக்கவில்லை

கேள்வி: ஒரே வால்யூமை (சர்வரில் உள்ள சேமிப்பிடம்) விண்டோஸுக்கு எஸ்எம்பியிலும் லினக்ஸுக்கு என்எஃப்எஸ் 3-லும் கொடுத்திருக்கிறோம் (இரண்டும் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறைகள்). சிலருக்கு மட்டும் லினக்ஸில் 'பெர்மிஷன் டினைடு' வருகிறது. குரூப்பில் சரியாகத்தான் இருக்கிறார்கள், விண்டோஸில் அதே ஃபோல்டர் திறக்கவும் செய்கிறது. என்ன காரணம்?

பதில்: அவர்கள் எத்தனை குரூப்பில் இருக்கிறார்கள்? ஆத்-சிஸ் (AUTH_SYS) முறையில், அதாவது க்ளையன்ட் சொல்லும் பயனர், குரூப் எண்களை என்எஃப்எஸ் சர்வர் அப்படியே நம்பும் முறையில், க்ளையன்ட் 16 துணைக் குரூப் எண்களைத்தான் அனுப்ப முடியும், மீதி சர்வருக்குப் போகவே போகாது. லினக்ஸ் சர்வர் என்றால் மவுண்ட்-டியில் (rpc.mountd, என்எஃப்எஸ்ஸுக்கான சர்வர் நிரல்) மேனேஜ்-ஜிஐடிஸ் (--manage-gids) என்ற தேர்வைப் போடுங்கள், குரூப்பை சர்வரே தேடிக்கொள்ளும்.

கேட்டவர்: ஆமாம், இருபதுக்கு மேல் இருக்கிறது! என்எஃப்எஸ் 4-க்கு மாறினால் தீருமா?

இன்னொருவர்: அது மட்டும் போதாது. ஆத்-சிஸ் தொடர்ந்தால் அங்கேயும் அதே 16தான், மேலே சொன்ன மேனேஜ்-ஜிஐடிஸ் அல்லது கெர்பரோஸ் (டிக்கெட் மூலம் பயனரை உறுதிசெய்யும் முறை) போட்டால்தான் தீரும். அப்புறம், அவசரத்துக்கு 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) மட்டும் போட்டுவிடாதீர்கள், சம்பளக் கோப்பு வரை எல்லாருக்கும் திறந்துவிடும்.