படகு வாசல் தாண்டுமா?

அண்ணன்: (படம்) வரைபடம் முடிந்தது! ப்ளைவுட் மோட்டார் படகு. நீளம் 16 அடி, அகலம் 6 அடி. நாங்கள் இருவரும் உள்ளேயே படுக்கலாம், சமைக்கலாம், நிமிர்ந்து நிற்கலாம். பின்னால் வெளியே மாட்டுகிற 25 குதிரைத்திறன் எஞ்சின் (அவுட்போர்டு). கருத்து சொல்லுங்கள்.

சித்தப்பா: நிற்கலாமா? 16 அடிப் படகிலா?

அண்ணன்: ஆமாம் சித்தப்பா. நிற்கிற உயரத்தை மட்டும் விடமாட்டேன்.

சித்தப்பா: அப்படியானால் அது படகு இல்லை, மிதக்கிற பீரோ. கூரை உயர்ந்தால் எடை மேலே போகும், காற்றும் பிடிக்கும். இருவரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தீர்களென்றால் படகும் கூடவே எட்டிப் பார்க்கும். இருக்கையிலிருந்து கூரைக்கு 95 செ.மீ. போதும்.

அண்ணி: உட்கார்ந்தபடியே எப்படி மாமா உடை மாற்றுவது?

சித்தப்பா: கூரையில் தள்ளித் திறக்கிற மூடி வைக்கச் சொல்லம்மா. படகைக் கட்டிப் போட்டதும் மூடியைத் திறந்து, மேலே கேன்வாஸ் மாட்டினால் நிற்கலாம்.

பெரியம்மா: (ரோஜாப்பூ படம்) இனிய காலை வணக்கம்

நான்: 25 குதிரைத்திறன் எதற்கு அண்ணா?

அண்ணன்: வேகத்துக்குத்தான்.

சித்தப்பா: நீ வரைந்திருப்பது நீரை விலக்கிக்கொண்டு மெதுவாகப் போகிற உடல். அதன் வேகம் நீர்க்கோட்டு நீளத்துக்கு, அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்துக்குக் கட்டுப்பட்டது. 16 அடி என்று வைத்துக்கொள், 16-க்கு வர்க்கமூலம் 4, அதை 1.34-ஆல் பெருக்கு. சுமார் 5.4 நாட், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். அதற்கு மேல் முறுக்கினால் பின்பக்கம் குந்திக்கொள்ளும், மூக்கு வானத்தைப் பார்க்கும், பெட்ரோல்தான் தீரும். 6 குதிரைத்திறன் தாராளம்.

சித்தப்பா: அது என்ன, படுக்கைக்கு அடியில் பெட்ரோல் டேங்க்?

அண்ணி: யார் பக்கத்துப் படுக்கைக்கு?

சித்தப்பா: யார் பக்கமும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். அடுப்பைப் பற்றவைத்தால் போச்சு. டேங்க் வெளியே, பின்பக்கம் இருக்கட்டும்.

அண்ணன்: அது சரி. மாற்றிவிடுகிறேன். பலகை எல்லாம் 12 மி.மீ. போட்டிருக்கிறேன், கெட்டியாக இருக்கட்டுமே என்று.

சித்தப்பா: அடிப்பாகத்துக்கு 9 மி.மீ., பக்கத்துக்கும் கூரைக்கும் 6 மி.மீ. போதும். இந்த அளவுப் படகில் ஏறத்தாழ 50 கிலோ ஏறினால் 1 செ.மீ. அமிழும். கெட்டி கெட்டி என்று சேர்த்தால் கரையிலேயே பாதி மூழ்கிவிடும்.

அத்தை: இதைத் தைத்து ஒட்டப் போகிறானாமே? மரத்தை எப்படித் தைப்பது?

நான்: பலகை ஓரங்களில் சின்னச் சின்னத் துளை போட்டு, செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டுவது அத்தை. உள் மூலையில் எபாக்சி என்கிற பிசின் கலவை பூசி, மேலே கண்ணாடியிழை நாடா ஒட்டுவார்கள். காய்ந்ததும் கம்பியை உருவிவிடலாம். 1963-இல் வந்த மிரர் என்ற குட்டிப் பாய்மரப் படகை ஆயிரக்கணக்கானோர் இப்படித் தைத்து ஒட்டித்தான் வீட்டிலேயே கட்டினார்கள்.

சித்தப்பா: எபாக்சியைக் கண் மதிப்பில் கலக்காதே, அளந்து கலக்கு. பிசினை இறுக வைக்கச் சேர்க்கிற கடினமாக்கியைக் கூட்டினால் சீக்கிரம் காயாது, கெட்டுத்தான் போகும். டப்பாவில் மொத்தமாக வைத்தால் சூடேறிப் புகையும், அகலத் தட்டில் ஊற்று. கையுறை கட்டாயம். வெட்டிய ஓரங்களுக்கு மூன்று பூச்சு, தண்ணீர் அங்கிருந்துதான் ப்ளைவுட்டுக்குள் நுழையும்.

அண்ணன்: சரி சித்தப்பா. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். உயரம் மட்டும் அப்படியே இருக்கும்.

அத்தை: எங்கே கட்டப் போகிறாய்?

அண்ணன்: பின்னால் இருக்கிற கொட்டகையில்.

அத்தை: கொட்டகை வாசல் எவ்வளவு அகலம்?

நான்: அண்ணா?

நான்: ஆன்லைனில்தான் இருக்கிறார், பதில் இல்லை.

அண்ணன்: அளந்தேன். அகலம் 5 அடி 9 அங்குலம். உயரம் 7 அடி.

சித்தப்பா: பரவாயில்லை, ஒருக்களித்துச் சாய்த்துத் தூக்கினால் 6 அடி அகலம் நிமிர்ந்து நிற்கும், தாராளமாக வரும். அடியிலிருந்து கூரை வரை எவ்வளவு?

அண்ணன்: 6 அடி 4.

அண்ணி: குறைத்தால்?

சித்தப்பா: நான் சொன்னபடி செய்தால் நாலரை அடிக்குள் அடங்கும்.

அண்ணன்: தள்ளித் திறக்கிற மூடி எந்த அளவு வைக்கலாம் சித்தப்பா?