நெட்வொர்க்கிங் என்றாலே காக்கா பிடிப்பது மாதிரி இருக்கிறதே, எனக்கு மட்டும்தானா?

முதுநகர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு இப்போது பி.காம் முதல் வருடம், இரண்டாவது செமஸ்டர். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் வேலை, அம்மா கூடையில் மீன் விற்கிறார்கள்.

பள்ளியில் நான் அதிகம் பேசாத ஆள், ஆனாலும் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து அதே முகங்கள், யாருக்கு பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்றாலும் என் பெஞ்சுக்குத்தான் வருவார்கள். ரிசல்ட் வந்த இரண்டே மாதத்தில் எல்லாம் கலைந்துவிட்டது, ஒருத்தி நர்சிங், ஒருத்தி ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ஹாஸ்டல், ஒருத்திக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, குரூப்பில் இப்போது பிறந்தநாளுக்குக் கேக் படம் போடுவதோடு சரி. கல்லூரியில் என் வரிசையில் உட்காருகிற பாதிப் பேரின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் போய் பெயர் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

போன மாதம் ஸ்கில் வகுப்புக்கு வெளியிலிருந்து ஒரு சார் வந்தார். நெட்வொர்க்கிங், அதாவது வேலைக்கு உதவுகிற மாதிரி ஆட்களைப் பழக்கம் பிடித்து வைப்பது, இல்லாவிட்டால் டிகிரி வெறும் பேப்பர் என்று சொல்லி எல்லோரையும் அங்கேயே லிங்க்ட்இன் என்கிற வேலை சம்பந்தமான வலைதளத்தில் கணக்குத் திறக்க வைத்தார். பெயருக்குக் கீழே என்ன போடுவதென்று தெரியாமல், பக்கத்துப் பெண் 'ஆஸ்பைரிங் லீடர்' என்று போட்டதைப் பார்த்து நானும் போட்டேன், ராத்திரி வெட்கமாகப் போய் அழித்தேன். 35 பேருக்கு ரிக்வஸ்ட் அனுப்பியதில் நாலு பேர் ஏற்றுக்கொண்டார்கள், அந்த நாலில் ஒருவர் "ஹாய் டியர், ஏன் போட்டோ போடவில்லை" என்று ஆரம்பித்தார். பிளாக் செய்துவிட்டேன்.

அம்மாவிடம் நெட்வொர்க்கிங் என்று வாயெடுத்ததுமே, "பவுடர் டப்பா விக்கிறவங்களா? உங்க சித்தி 8,000 ரூபாயத் தொலைச்சது போதாதா" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த வாரமே ஒரு சீனியர் அக்கா, "பாண்டியில ஒரு பிசினஸ் மீட்டிங், நல்லா டிரஸ் பண்ணிட்டு வா, என்ன கம்பெனின்னு அங்க வந்தா தெரியும்" என்று கூப்பிட்டிருக்கிறார்.

தெரியாத ஆளிடம் போய் இளித்துக்கொண்டு நிற்பது எனக்குக் காக்கா பிடிப்பதாகத்தான் தெரிகிறது. இது உண்மையிலேயே வேண்டுமா? வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? புதுமைப் பெண் பணம் மாதம் 1,000 வருகிறது, அதில் பஸ்ஸும் ரீசார்ஜும் போக அதிகம் மிஞ்சாது, அதனால் கோர்ஸில் சேரச் சொல்லாதீர்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா

பாப்பா, முதலில் அந்தப் பாண்டி மீட்டிங்குக்குப் போகாதே. கம்பெனி பெயரைச் சொல்லாமல் கூப்பிடுகிறார்கள் என்றாலே சந்தேகப்படணும். ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிட் திட்டத்தை 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன, பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான சட்டம் 1978இலிருந்தே இருக்கிறது. அந்த அக்காவிடம் ஒன்று மட்டும் கேள், சாமான் விற்றுக் காசு வருகிறதா, ஆள் சேர்த்துக் காசு வருகிறதா என்று. மழுப்பினால் எனக்கு டெஸ்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. அவரைத் திட்டவும் வேண்டாம், அவரும் யாரிடமோ பணத்தைக் கட்டிவிட்டு முழித்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் உன் கேள்வி. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மாதம் நாலைந்து பிள்ளைகள் வந்து "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க மேடம்" என்று நிற்பார்கள். நான் என்ன சொல்ல முடியும்? வேலை போட்டுக் கொடுப்பது என் கையில் இல்லை, இல்லை என்று சொல்லவும் சங்கடம், நம்பரை வாங்கி வைப்பேன், அது டிராயரில் கிடக்கும். போன வருடம் ஒரு பெண் அவள் அம்மாவோடு வந்தாள். "அக்கா, எனக்கு டேலி சாஃப்ட்வேரில் பர்சேஸ் எண்ட்ரி போடத் தெரியும். அதை ஜிஎஸ்டி போர்ட்டலில் சப்ளையர்கள் ஏற்றின பில் பட்டியலா வருகிற 2பி-யோடு எப்படி ஒப்பிட்டுப் பார்க்கிறீங்கன்னு அரை மணி நேரம் பக்கத்தில உட்கார்ந்து பார்க்கலாமா" என்று கேட்டாள். அதற்கு நானே சரி சொல்லலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. உட்கார வைத்தேன்.

அவள் போனதோடு சரி என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து, அவள் மாமாவின் நோட்டுப் புத்தகக் கடை பில்களை அதே மாதிரி ஒப்பிட்டுப் பார்த்ததாகவும் மூன்று பில் சப்ளையர் பக்கத்தில் ஏறவே இல்லை என்றும் காட்டினாள். எங்கள் சார் அன்றுதான் "யார் இந்தப் பொண்ணு" என்று கேட்டார். முதல் தடவை வருகிறவர்கள் நிறையப் பேர், போய்ச் செய்து பார்த்தேன் என்று திரும்பி வந்து சொல்கிற ஆள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

ஒரு எச்சரிக்கை: எங்கள் மாதிரி ஆபீஸுக்கு 11ஆம் தேதிக்கு முன்னாலும் 20ஆம் தேதிக்கு முன்னாலும் வந்துவிடாதே. 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு), தாக்கல் செய்யக் கடைசி நாள். அந்த நாட்களில் சொந்தத் தம்பி வந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். 22க்கு மேல் வா.

நெல்லிக்குப்பம் எக்ஸ்பிரஸ்

முதல் வருடத்திலேயே எதற்கு இந்தப் பாடு? எங்கள் காலத்தில் யாரும் நெட்வொர்க்கிங் என்று கிளம்பவில்லை, அரியர் வைக்காமல் முடித்தால் போதும் என்று இருந்தோம். என்எஸ்எஸ்ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேர்ந்துவிடு, வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, நடுவில் ஏழு நாள் கேம்ப். ஏழு நாள் ஒரே பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து, குளம் தூர்வாரி, உப்பில்லாத சாம்பார் சாப்பிட்டால் பெயர் கேட்கிற கூச்சமெல்லாம் போய்விடும். எனக்கு இன்றைக்கும் அவசரத்துக்குப் போன் எடுக்கிற மூன்று பேரும் கேம்ப் ஆட்கள்தான். லிங்க்ட்இன் எல்லாம் அப்புறம்.

லாஸ்பேட்டை

மேலே அண்ணன் சொல்வதில் பாதி சரி. 'எங்கள் காலத்தில்' என்பதை மட்டும் விட்டுவிடலாம், அவருடைய என்எஸ்எஸ் கதைதான் நெட்வொர்க்கிங், அவர் அந்தப் பெயரில் கூப்பிடவில்லை.

தங்கச்சி, ஏற்கெனவே அனுப்பிய ரிக்வஸ்டை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அந்த வசதி இருக்கிறது. ஆனால் எடுத்தால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது, தெரிந்துகொண்டு செய். பெயருக்குக் கீழே 'பி.காம் முதல் வருடம், கடலூர், டேலி பழகுகிறேன்' என்று இருப்பதைப் போடு. போட்டோ வீட்டில் வேண்டாம் என்றால் போடாதே, அதனால் ஒன்றும் குடி முழுகாது. போன் நம்பரை எங்கேயும் போடாதே.

அப்புறம் உன் கல்லூரியின் பக்கத்தைத் திற, அதில் பழைய மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கும், எந்த ஊரில் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். உனக்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் முடித்த ஒரு அக்காவைப் பிடி. இருபது வருட மேனேஜர் வேண்டாம், அவருக்கு முதல் வருடம் எப்படி இருந்தது என்பதே மறந்து போயிருக்கும். காசு கட்டாத கணக்கில் ரிக்வஸ்டோடு குறிப்பு எழுதி அனுப்ப மாதத்துக்குச் சிலதுதான் விடுவார்கள், அதனால் யோசித்து அனுப்பு. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "அக்கா, நானும் நம் கல்லூரி பி.காம், முதல் வருடம். நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதைப் பார்த்தேன். இந்த வருடமே எக்செல்லில் எதைக் கற்றுக்கொண்டால் உங்களுக்கு உதவியிருக்கும்?" அவ்வளவுதான். "உங்கள் பொன்னான நேரம்" எல்லாம் எழுதாதே. பதில் வரவில்லை என்றால் பதினைந்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை கேள், அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடு. எனக்குப் பத்துக்கு ஏழு பேர் பதிலே போட்டதில்லை.

கம்ப்யூட்டர் பக்கம் ஆசை இருந்தால் விழுப்புரத்தில் ஒரு குனு/லினக்ஸ் (இலவச கம்ப்யூட்டர் இயங்குதளம்) குழு இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே சொல்லித்தருகிறார்கள். பாண்டிக்கு வந்தே ஆகணும் என்றால் அந்த மீட்டிங் ஹாலுக்கு வராமல் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு வா. 1827இல் ஆரம்பித்தது. பரீட்சைக்குப் படிக்க வருகிற கூட்டத்தில் நாலு நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஐந்தாம் நாள் யாராவது பேனா கேட்பார்கள். என் முதல் வேலை அப்படி ஒரு பேனா கேட்ட ஆள் சொல்லித்தான் கிடைத்தது, பேனா இன்னும் திரும்பி வரவில்லை.

திண்ணை வாத்தியார்

சமூகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973இல் மார்க் கிரானோவெட்டர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனை ஒட்டியுள்ள ஒரு ஊரில், தெரிந்தவர் மூலமாகப் புது வேலைக்குப் போனவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு தடவை பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று விசாரித்தார். வாரம் இரண்டு தடவையாவது பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6, வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8. நெருங்கிய சிநேகிதர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரிந்திருக்கும், எட்ட இருக்கிற ஆள்தான் நம் காதில் விழாத செய்தியைக் கொண்டு வருவார் என்பது அவர் வாதம். அவர் விசாரித்தது அலுவலக வேலை பார்த்த அமெரிக்கர்களை, அப்படியே முதுநகருக்குப் பொருத்த முடியாது. ஆனால் காரணம் இங்கேயும் செல்லும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பதிவில் எல்லோரும் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. அம்மா கூடையில் மீன் விற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வாடிக்கை வீடு? பாங்கில் வேலை பார்ப்பவர், வாத்தியார், வக்கீல் குமாஸ்தா, கலெக்டர் ஆபீஸ் ஆள் என்று எந்த வாசலில் யார் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? வாரம் ஒரு முறை, இரண்டு நிமிடம், பல வருடப் பழக்கம். கிரானோவெட்டர் எட்ட இருக்கிற ஆள் என்று சொன்னது அதைத்தான். அந்தச் சார் லிங்க்ட்இன்னில் 35 அந்நியர்களுக்கு அனுப்ப வைப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கூடையைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

பள்ளியில் உங்களைத் தெரிந்திருந்தது நீங்கள் பேசியதால் இல்லை, கணக்குச் சொல்லிக் கொடுத்ததால். இப்போதும் பக்கத்துப் பெஞ்சில் எவளுக்காவது டேலி ஆகாமல்தான் இருக்கும்.

முதுநகர்க்காரி

மன்னிக்கவும், மூன்று வாரம் ஆகிவிட்டது. சீனியர் அக்காவிடம் ஆள் சேர்த்தாலா, சாமான் விற்றாலா என்று கேட்டேன். "நீ ரொம்ப நெகட்டிவா இருக்க" என்றார். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

திண்ணை வாத்தியார் சார் சொன்ன மாதிரி அம்மாவிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணி 23 வீடு சொன்னார்கள். யார் எங்கே வேலை, யார் வீட்டில் நெத்திலி மட்டும்தான், யார் பாக்கி வைப்பார்கள், எல்லாம் மனப்பாடம். புதுப்பாளையத்தில் ஒரு வீட்டு ஆண்ட்டி ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாராம், ஆறு வருடமாக மீன் கொடுக்கிறார்கள், எனக்குத் தெரியவே தெரியாது. 24ஆம் தேதி அம்மாவோடு போனேன். மஞ்சக்குப்பம் அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன், பாதியில் குரல் நடுங்கியது, அம்மா நடுவில் புகுந்து "புள்ள நல்லா படிக்கும்" என்றார்கள், மானம் போனது. ஆண்ட்டி சிரித்துவிட்டு, ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நேற்றுத்தான் போன் வந்தது, வருகிற சனிக்கிழமை ஒரு மணி நேரம் வரச் சொல்லியிருக்கிறார்.

லாஸ்பேட்டை அண்ணா, எட்டுப் பேருக்கு எழுதினேன், ஒருவர் பதில் போட்டார், எக்செல்லில் கணக்கைத் தொகுத்துக் காட்டுகிற பிவட் டேபிள் கற்றுக்கொள்ளச் சொன்னார். வகுப்பில் மூன்று பேரின் பெயர் கேட்டுவிட்டேன், அதில் ஒருத்திக்கு என் பெயரும் தெரியாதாம், அவளும் கூச்சத்தில்தான் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

சனிக்கிழமை என்ன எடுத்துக்கொண்டு போகணும்? அம்மா இரண்டு கிலோ சங்கரா கொடுத்து அனுப்புகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா

நோட்டு, பேனா, கால்குலேட்டர் போதும். மீனை ஆண்ட்டி வீட்டுக்கே கொடுத்துவிடச் சொல், ஆபீஸுக்கு எடுத்துப் போய் ஏசி ரூமில் வைத்துவிடாதே.