எலும்பு சூப்: அடுப்பை அணைத்த பிறகு என்ன செய்கிறீர்கள்?

கரண்டிக்காரி:

எலும்பு சூப் பற்றி யாரைக் கேட்டாலும் எந்த எலும்பு நல்லது, எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இறக்கிய பிறகு என்ன செய்கிறீர்கள் என்றால் "ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைப்போம்" என்று ஒரே வரியில் பதில் வரும். வில்லங்கமெல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அதனால் என் வீட்டு நடைமுறையைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நான் இதில் இறங்கியது அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த சமயத்தில். மென்று சாப்பிட அவருக்குத் தெம்பில்லை, வாய்க்கசப்பு வேறு. சூடாக ஒரு டம்ளர் சூப் கொடுத்தால் மட்டும் முகம் சுளிக்காமல் குடிப்பார். தினமும் புதிதாக வைக்க எனக்கு நேரம் இல்லை. விடுமுறை நாளில் பெரிய பாத்திரமாக வைத்துச் சேமிப்பது என்று ஆனது அப்படித்தான்.

மூட்டு எலும்பும் கோழிக்காலும்தான் என் தேர்வு. நல்லி எலும்பில் மஜ்ஜை இருப்பதால் ருசி கூடும். ஆனால் சூப் குளிர்ந்ததும் ஜெல்லி மாதிரி உறைய வேண்டுமானால் குருத்தெலும்பு, தசைநார், தோல் உள்ள பாகங்கள் வேண்டும். அவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம்தான் நெடுநேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறி நீரில் இறங்குகிறது. உறையாத சூப் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், தண்ணீர் கூடிவிட்டது அல்லது குருத்தெலும்பு குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

எலும்பைப் பச்சைத்தண்ணீரில் போட்டு ஒரு கொதி விட்டு, சாம்பல் நிற நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். அப்புறம் புதுத் தண்ணீர், எலும்பு மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நிற்கும் அளவுக்கு. தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு உடைந்து நீரோடு கலந்து சூப் கலங்கிவிடும். சிம்மில், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும். கோழி என்றால் 4 முதல் 6 மணி நேரம், மாட்டெலும்புக்கு 10, 12 மணி நேரம்கூடப் பிடிக்கும், ஆட்டெலும்பு இரண்டுக்கும் நடுவில். உப்பு மட்டும் இந்தக் கட்டத்தில் கிடையாது. பின்னால் சுண்டக் காய்ச்சும்போது வாயில் வைக்க முடியாமல் போகும்.

இனி ஆறவைக்கும் கதை. வடிகட்டிய சூப் 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். அறையே 32 டிகிரிக்கு மேல் புழுங்கினால் 1 மணி நேரம்தான் கெடு. ஐந்தாறு லிட்டர் உள்ள அடிகனமான பாத்திரத்தை மேடையில் அப்படியே விட்டால் மேலே ஆறியது போலிருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு போகாது. அதே பாத்திரத்தைச் சுடச்சுட ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவதும் தீர்வில்லை. நடுப்பகுதி அங்கேயும் மெதுவாகத்தான் குளிரும், பக்கத்தில் இருக்கிற பாலும் சூடாகும். பாத்திரம் கழுவும் தொட்டியில் குளிர்ந்த நீரும் ஐஸும் நிரப்பி, சூப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி, கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பேன். நீர் சூடேறினால் மாற்ற வேண்டும். அப்புறம் அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து உள்ளே வைத்துவிடுவேன். இந்தக் கிளறும் வேலை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் விடுவதில்லை.

இரவுப்பணி:

அக்கா சொன்ன கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். நான் பெரிய சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவன். எங்களுக்கு விதியே இருக்கிறது: சூடான உணவு முதல் 2 மணி நேரத்துக்குள் 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இறங்க வேண்டும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வர வேண்டும். வெப்பமானியைச் செருகிப் பார்த்துக் குறித்து வைப்போம்.

காரணம் இதுதான். கொதிக்க வைத்தால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ், பேசில்லஸ் சீரியஸ் போன்ற கிருமிகள் வித்து வடிவத்துக்கு மாறிக் கொதிநிலையையும் தாங்கி நிற்கும். சூப் வெதுவெதுப்புக்கு வந்ததும் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை, ஊட்டமான சாறு, காற்று குறைவு. அதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் சொந்தக்காரர் வீட்டில் நடந்தது. ராத்திரி அடுப்பிலேயே மூடிவைத்த சூப்பைக் காலையில் குடிக்கிற சூட்டுக்கு மட்டும் காய்ச்சிக் குடித்தார்கள். வாசனையில் குறையில்லை, ருசியிலும் குறையில்லை. சாயங்காலத்துக்குள் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைப் பிடித்து இழுத்து, பேதி. "நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால் சரியாகியிருக்குமே" என்று கேட்டார்கள். பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்றால் ஓரளவுக்கு ஆமாம். பேசில்லஸ் சீரியஸின் வாந்தி நச்சோ கொதித்தாலும் போகாது. ராத்திரி முழுக்க வெளியே இருந்த சூப்பை மறுபடி கொதிக்க வைத்து மீட்கலாம் என்று நம்பாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

பழைய குக்கர்:

12 மணி நேரம் அடுப்புக்குக் காவல் இருக்க என்னால் ஆகாது. எனக்குக் குக்கர்தான். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, குக்கரில் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போகும். கோழி எலும்பு ஒன்றரை மணி நேரத்தில் விரலால் நசுக்கினாலே உதிர்கிற பதத்துக்கு வந்துவிடும்.

ஒரு சுவாரசியம்: குக்கரின் பூர்வீகமே எலும்புதான். 1679-இல் லண்டனில் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை மெத்தென்று ஆக்கிச் சாறெடுக்கத்தான் மூடி இறுகிய அந்தப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். வெடித்துவிடாமலிருக்கப் பாதுகாப்பு வால்வும் அவர் வைத்ததே. நாம் பருப்பு வேகவைப்பதெல்லாம் பிற்பாடு வந்தது!

குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். அழுத்தம் தானாக இறங்கும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு ஆவியை வெளியேற்றினால் உள்ளே ஒரேயடியாகக் கொதித்துச் சூப் கலங்கும், கொழுப்பு வால்வு வழியாகத் தெறிக்கும்.

மூட்டுவலி:

எல்லோரும் ருசியைப் பேசுகிறீர்கள், நான் குடிப்பது முட்டிவலிக்காக. எலும்பில் இருக்கும் கால்சியமும் கொலாஜனும் நேரே நம் எலும்புக்குப் போகும் என்று சொல்லித்தான் எனக்குத் தொடங்கி வைத்தார்கள். குடித்தால் தெம்பாகத்தான் இருக்கிறது. வலி குறைந்ததா என்றால் சொல்லத் தெரியவில்லை. இதில் எவ்வளவு உண்மை?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அப்பாவுக்கு யூரிக் ஆசிட் தொல்லை உண்டு. நான் குடிப்பதைப் பார்த்து அவரும் தினமும் குடிக்க ஆரம்பித்தார். கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து போர்வை பட்டாலே துடிக்கிற நிலை வந்தது. மருத்துவர் முதலில் கேட்டதே "கறிச்சாறு, சூப் ஏதாவது குடிக்கிறீர்களா?" என்றுதான். இறைச்சியில் இருக்கும் பியூரின் தண்ணீரில் கரைந்து சூப்பில் இறங்கிவிடுமாம், உடம்பு அதை யூரிக் ஆசிடாக மாற்றுகிறதாம். அப்பா இப்போது தொடுவதில்லை.

கரண்டிக்காரி:

அப்பா விஷயத்தைச் சொன்னது நல்லதாயிற்று அண்ணா. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியம், பாஸ்பரஸ், உப்பு மூன்றையும் எண்ணி மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நெடுநேரம் வெந்த சூப் குடித்தால் தலைவலி, தோல் அரிப்பு வருகிறது என்று சிலர் சொல்வதும் உண்டு. அவர்களுக்குக் குறைந்த நேரம் வெந்ததே மேல்.

கால்சியம் கணக்கு நாம் நினைப்பது போல இல்லை. 1934-இலேயே லண்டனில் மக்கான்ஸ் என்ற மருத்துவரின் குழுவினர் எலும்புச் சாற்றை அளந்து பார்த்துவிட்டார்கள். அதில் இறங்கிய கால்சியம் சொற்பம், பாலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எலும்பில் கால்சியம் இருப்பது உண்மை, அது தண்ணீருக்கு வர மறுக்கிறது. வினிகர் விட்டால் கொஞ்சம் கூடும், மாத்திரைக்கு மாற்றாகும் அளவுக்கு இல்லை. வினிகர் விடுபவர்கள் அலுமினியப் பாத்திரத்தைத் தவிருங்கள், எவர்சில்வர் போதும்.

கொலாஜனும் அப்படித்தான். குடலில் அது அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் உள்ளே போகிறது. முட்டிக்குத்தான் போ என்று அதற்கு யாரும் முகவரி எழுதிக் கொடுப்பதில்லை. ஜெலட்டின் முழுமையான புரதமும் அல்ல, டிரிப்டோஃபேன் என்ற அவசிய அமினோ அமிலம் அதில் கிடையாது. பாரிஸில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் எலும்பு ஜெலட்டினைக் கொடுத்தே பசியைத் தீர்த்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். மஜந்தி என்ற உடலியல் அறிஞர் தலைமையிலான குழு நாய்களுக்கு அதை மட்டும் கொடுத்துப் பார்த்து, உயிர் வாழ அது போதாது என்று 1841-இல் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் ஏன் குடிக்க வேண்டும்? என் பதில், நன்றாக இருக்கிறது என்பதுதான். சளி பிடித்தபோது மூக்கடைப்பு இளகுவது உண்மை, 1978-இல் மயாமியில் சிலரை வைத்துச் சூடான கோழி சூப் மூக்குச்சளி நகரும் வேகத்தைக் கூட்டுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். சாப்பிட முடியாதவர்களுக்கு நீரும் உப்பும் கொஞ்சம் புரதமும் உள்ளே போகிறதே. அம்மாவுக்கு அதுவே பெரிது. முட்டிவலிக்கு நீங்கள் மருத்துவரையும் பாருங்கள், சூப்பையும் குடியுங்கள்.

தனிக்குடித்தனம்:

நான் ஒரே ஆள், என் ஃப்ரீசரும் சின்னது. வடிகட்டிய சூப்பை நான்கில் ஒரு பங்காகும்வரை சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றிவிடுவேன். உறைந்ததும் கட்டிகளைத் தட்டி ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வைத்தால் இடம் மிச்சம். இரண்டு மூன்று கட்டி, மேலே வெந்நீர், ஒரு கொதி, ஒரு சிட்டிகை உப்பு. அலுவலகம் கிளம்பும் அவசரத்திலும் நடக்கிற காரியம் இது. சுண்டக் காய்ச்சாத சூப் என்றால் பையில் ஊற்றித் தட்டையாகப் படுக்கவைத்து உறையவிட்டால் புத்தகம் போல அடுக்கலாம்.

கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை ஊற்றாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், பாட்டிலின் தோள்பட்டையில்தான் முதலில் விரிசல் விழும். நேர்க்குத்தாக இருக்கிற ஜாடி, மேலே இரண்டு விரல் காலியிடம், இது போதும்.

இரவுப்பணி:

தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் 3 அல்லது 4 நாள், அதற்கு மேல் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் கெட்டுப்போகாது, ருசிதான் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு மங்கும். உறைந்ததை மேடையில் வைத்து இளக்காமல் ஃப்ரிட்ஜில் இளக்குங்கள், அல்லது நேரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். தேவையானதை மட்டும் எடுங்கள், முழுவதையும் சுடவைத்து மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்கிற பழக்கம் வேண்டாம்.

சூடாகப் பாட்டிலில் அடைத்து மூடி இறுக்கி அலமாரியில் வைக்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். புளிப்பில்லாத, காற்றில்லாத சாறு பொட்டுலினம் கிருமிக்கு ஏற்ற இடம், அதன் வித்தைச் சாதாரணக் கொதி அழிக்காது.

தனிக்குடித்தனம்:

அண்ணா, மேலே படிகிற கொழுப்பை எடுக்க வேண்டுமா, விட வேண்டுமா?

கரண்டிக்காரி:

ஃப்ரிட்ஜில் இருக்கும்வரை நான் எடுப்பதில்லை, மேலே மூடிபோல இறுகிக் காற்றைத் தடுக்கிறது. அதற்காக நாள் கணக்கை நீட்டவும் மாட்டேன். ஃப்ரீசருக்குப் போவதாக இருந்தால் கரண்டியால் பெயர்த்து எடுத்துவிடுவேன், மாதக்கணக்கில் வைத்தால் முதலில் காறல் வாடை அடிப்பது அந்தக் கொழுப்புதான். எடுத்ததை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்து, அந்த வாரமே வதக்கலுக்குத் தீர்த்துவிடுவேன்.