வெண்டிக்காய்ப் பால்கறி நூல் நூலாக இழுக்குது, எங்க பிழைக்குது?

ஆரையம்பதி அடுப்படி:
கால் கிலோ வெண்டிக்காயைக் கழுவி, அரை அங்குலமாக வெட்டி, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய் (பச்சை மிளகாய்), மஞ்சள் போட்டு ரெண்டாம் தேங்காய்ப்பாலில மூடி அவிச்சால் அகப்பையோட நூலாக வருகுது. முதல்ல வதக்கினால் துண்டு உடைஞ்சு விதை வெளியில வந்திடுது. கொஞ்சம் வழுவழுப்பு இருக்கணும், காய் பல்லுல கடிபடவும் வேணும். என்ன வழி?

கல்லடி அக்கா:
தங்கச்சி, பிழை வெட்டுறதிலேயே தொடங்குது. காய்க்குள்ள இருக்கிற பசை தண்ணி பட்டால் ஊதிப் பெருகும். முழுசாகக் கழுவி, துணியால துடைச்சு, அரை மணித்தியாலம் உலரவிட்டுத்தான் கத்தி வைக்கணும். துண்டு சின்னனாகச் சின்னனாக வெட்டுவாய் கூடும், பசையும் கூட வெளியில வரும். பால்கறிக்கு ஒன்றரை அங்குலம் சரி.

அகலமான தாச்சியில 2 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் நல்லாச் சூடானதும் காயை ஒரே அடுக்காகப் பரப்புங்க. குவிஞ்சு கிடந்தால் ஆவியில அவியுமே தவிர வதங்காது. உப்பு இப்ப வேணாம், தண்ணியை இழுத்துவிடும். மூடியும் வேணாம். நிமிசத்துக்கு ஒருக்காப் புரட்டினால் போதும். ஓயாமல் கிண்டுறதாலதான் துண்டு உடையுது. 7, 8 நிமிசத்தில ஓரம் லேசாகச் சிவக்கும், அகப்பையைத் தூக்கினால் நூல் நீளாமல் அறுந்து விழும். அதுதான் பதம்.

பாலை வேற சட்டியில வைங்க: ஒரு கோப்பை ரெண்டாம் பால், வெங்காயம், கொச்சிக்காய், மஞ்சள், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம். வெங்காயம் அவிஞ்ச பிறகு காயும் உப்பும் போட்டு 3 நிமிசம். முதற்பால் அரைக் கோப்பை விட்டு, கொதி எழும்ப முதல் இறக்குங்க. தேசிக்காய்ப் புளி சூடு தணிஞ்ச பிறகுதான். கொதிக்கிற பாலில விட்டால் திரைஞ்சிடும்.

படுவான்கரைத் தோட்டம்:
காய் முத்தல் என்றால் இதெல்லாம் வீண். பூ விரிஞ்சு 5, 6 நாளில ஆயணும். பிந்தினால் நார் விழுந்திடும், பிறகு எவ்வளவு அவிச்சாலும் சக்கைதான். சந்தையில நுனியை வளைச்சுப் பாருங்க: டக்கென்று ஒடிஞ்சால் பிஞ்சு, மடங்கினால் முத்தல். பிஞ்சுக் காய்ட விதை பால் வெள்ளையாக, நகத்தால நசிபடும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, சில இனம் நீளமாக இருந்தாலும் பிஞ்சுதான். வீட்டுல கழுவாமல் கடதாசியில சுத்தி வைங்க. ஈரத்தோட வைச்சால் ரெண்டாம் நாளே கறுக்கும்.

புளியாணம்:
வழுவழுப்பை முழுக்கத் துரத்திறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மீன் குழம்புல அதுதான் ஆணத்தைச் சோத்தோட பிடிச்சு வைக்கிறது. காம்புக் கூம்பைப் பென்சில் சீவுற மாதிரிச் சீவுங்க, உள்ளறை திறபடக் கூடாது. முழுக் காயாகக் கொதிக்கிற பழப்புளிக் குழம்புல போட்டு 10 நிமிசம். புளி பசையைக் கட்டுப்படுத்தும். புளியில காய் மெதுவாத்தான் அவியும் எண்டபடியால உடையவும் மாட்டுது. கடிச்சால் விதை ஒவ்வொண்டாக வெடிக்கும், உள்ளுக்க வழுக்கும். வெண்டிக்காய்ட ருசியே அதுலதான்.

ஆரையம்பதி அடுப்படி:
நன்றி. இரும்புத் தாச்சியில வதக்கலாமா?

கல்லடி அக்கா:
ருசி கெடாது, ஆனா காய் கறுத்து பால்கறிட நிறம் மங்கிடும். மண்சட்டி அகலமாக இருந்தால் அதிலேயே வதக்குங்க, சூடேற மட்டும் கொஞ்சம் பொறுக்கணும்.