குறுக்கு வலிக்கு ஆஸ்டியோபதி: மேசையில படுத்தா என்ன நடக்கும்?

பேட்டை பிசியோ:
ஆஸ்டியோபதிங்கிறது மூட்டையும் தசையையும் கையாலயே அசைச்சு, அமுக்கிச் செய்யற வைத்தியம். அந்தப் பேரைச் சொன்னதும் "நெட்டி முறிச்சு விடுவாவளா?"ன்னுதான் முதல் கேள்வி வருது. முறிக்கிறது அதுல ஒரு சின்னப் பங்கு. நெறைய பேருக்கு அது தேவையே படாது.

முதல் தடவைக்கு முக்கால் மணியிலருந்து ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கோங்க. விசாரிக்கிறதுலயும் சோதிக்கிறதுலயுமே பாதி போயிரும், போகணும். வலி காலுக்கு இறங்குதா, இருமினா தும்மினா கூடுதா, ராத்திரி தூக்கத்துலருந்து எழுப்புதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்கன்னு கேப்பாங்க. அப்புறம் நிக்க வச்சுக் குனிய, நிமிர, பக்கவாட்டுல சாயச் சொல்லுவாங்க. மல்லாக்கப் படுக்க வச்சு, முட்டு மடங்காம ஒவ்வொரு காலா தூக்கிப் பாப்பாங்க. 30 டிகிரியிலருந்து 70 டிகிரிக்குள்ள முட்டுக்குக் கீழ வரைக்கும் சுரீர்னு இழுத்தா நரம்பு மேல சந்தேகம். தொடைக்குப் பின்னால மட்டும் இழுத்தா தசை இறுக்கமா இருக்கலாம். இதெல்லாம் பாக்காம, நுழைஞ்சதும் குப்புறப் போட்டு முதுகுல ஏறுற இடத்துலருந்து எந்திரிச்சு வந்துருங்க.

சேலையிலயோ இறுக்கமான ஜீன்ஸ்லயோ வந்தா இடுப்பு அசையுறது தெரியாது. சுடிதார், லூசான பேண்ட் நல்லது. பொம்பளையாளுங்க துணைக்கு ஒருத்தரை உள்ள வச்சுக்கிடலாம், கேக்கத் தயங்க வேண்டாம். வயித்துக்கும் ஒன்றரை மணி நேர இடைவெளி வேணும். பரோட்டா சால்னாவை ஒரு கை பாத்துட்டு வந்து குப்புறப் படுத்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

முக்கூடல் அக்கா:
பீடி சுத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். முறத்தை மடியில வச்சு, சம்மணம் போட்டு, கழுத்தைக் கவுத்தி மணிக்கணக்கா உக்காந்தா நடுமுதுகு அசையறதையே மறந்துரும். அது பாக்க வேண்டிய வேலையை மேல கழுத்தும் கீழ குறுக்கும் இழுத்துப் போட்டுச் செய்யும். பத்தமடையில பாய் நெய்யுறவங்களுக்கும் இதே கதைதான். அதனால குறுக்கு வலின்னு போனா விலாவுலயும் இடுப்பு முன்பக்கத்துலயும் கை வைப்பாங்க. "வலிக்கிற இடத்தை விட்டுட்டு எங்கயோ அமுக்குதாவ"ன்னு சண்டைக்கு நிக்காதீங்க. வீட்டுக்கு வந்த பிறகு, 25 பீடிக் கட்டு ரெண்டு முடிஞ்சதும் எந்திரிச்சு, கையை மேல தூக்கிப் பின்னால அஞ்சு தடவை வளையுங்க. இதை விட்டுட்டா வாராவாரம் மேசைதான்.

குறிச்சிக்காரன்:
கைமுறைகளை அண்ணாச்சி தொட்டுட்டு விட்டுட்டாரு. நான் சொல்லுதேன்.

தசைக்கு வேலை கொடுக்கிற முறைன்னு ஒண்ணு. மூட்டை அது போற எல்லை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திட்டு, "என் கைக்கு எதிரா லேசா தள்ளுங்க"ன்னு சொல்லுவாங்க. அஞ்சு விநாடி தள்ளணும், தளர்த்தணும். அப்பக் கிடைக்கிற தளர்வை எடுத்துக்கிட்டு அடுத்த எல்லைக்குப் போவாங்க. மூணுலருந்து அஞ்சு தடவை. இங்க ஆம்பளைங்க பண்ற தப்பு, பலப்பரீட்சை மாதிரி மூச்சைப் பிடிச்சுத் தள்ளுறது. அப்படித் தள்ளினா பக்கத்துல இருக்கிற பெரிய தசையெல்லாம் உள்ள வந்துரும், வேலை செய்ய வேண்டிய சின்னத் தசை சும்மா கிடக்கும். அஞ்சுல ஒரு பங்கு பலம் போதும்.

இன்னொண்ணு, தொட்டா துடிக்கிற புள்ளியைக் கண்டுபிடிச்சு, அந்த வலி முக்கால்வாசி அடங்குற வரைக்கும் உடம்பை மடக்கி 90 விநாடி வைக்கிறது. வெளியிலருந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். திருப்பிக் கொண்டுவர்றதுதான் முக்கியம், ரொம்ப மெதுவா வரணும். வெடுக்குனு நிமிர்த்தினா தசை மறுபடியும் பிடிச்சுக்கும்.

கடைசியா அந்த நெட்டி. எலும்பு இடத்துல போய் உக்காந்த சத்தம் இல்ல அது. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல அழுத்தம் சட்டுனு குறையும்போது வாயுக் குமிழி உண்டாகுற சத்தம். அதே மூட்டு சுமார் 20 நிமிசத்துக்கு மறுபடி சத்தம் போடாது. சத்தம் வரலைன்னு ஒரே இடத்துல மூணு நாலு தடவை வெட்டி இழுக்கிறவர் கிட்ட ஜாக்கிரதையா இருங்க. "ஜவ்வு பிதுங்கிருக்கு, கையால உள்ள தள்ளிருதேன்"னு சொல்றவர் கிட்ட இன்னும் ஜாக்கிரதை. அப்படித் தள்ள முடியாது.

எண்ணெய்க்கிண்ணம்:
நம்ம ஊரு தொக்கணமும் (உடம்பைப் பிடிச்சு விடுற வைத்தியம்) இதுவும் ஒண்ணுன்னு சிலர் நினைக்காவ. கை ஒண்ணு, கணக்கு வேற. தொக்கணம் சித்த மருத்துவத்துல 32 புற மருத்துவங்கள்ல ஒண்ணு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல்னு ஒன்பது வகை. தைலத்தோட செய்யறதுதான் இங்க வழக்கம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லருந்து இருக்கு, முறையாப் படிச்சவங்க கையில பாக்கணும்னா அங்க போங்க. ஆஸ்டியோபதி 1874-ல அமெரிக்காவுல ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கினது. அதுல எண்ணெய் கிடையாது, வழுக்கினா தோலுக்கு அடியில இருக்கிற இழுவை கைக்குப் புரியாது. காலையில எண்ணெய் தேய்ச்சுட்டு ஆஸ்டியோபதிக்குப் போகாதீங்க.

பேட்டை பிசியோ:
இதையும் சேத்துக்கிடுங்க. சைக்கிள் சீட்டு படுற இடம் மரத்துப்போச்சு, ஒண்ணுக்கு வரலை இல்ல தெரியாமப் போகுது, ரெண்டு காலும் பலம் குறையுதுன்னா எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். அன்னைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்க. நடக்கும்போது முன்பாதம் தூக்க வராம செருப்பு தரையில தேய ஆரம்பிச்சாலும் தள்ளிப்போடாதீங்க. காய்ச்சலோட முதுகு வலி, காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி புற்றுநோய் இருந்தது, கீழ விழுந்த பிறகு வந்த வலி: முதல்ல டாக்டர், அப்புறம்தான் மேசை. எலும்பு மெலிஞ்சு பலம் குறைஞ்சவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கிறவங்க, வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வெட்டி இழுக்கிற வேலை ஆகாது.

கழுத்துல இன்னும் கவனம். எலும்புக்கு ஊடால மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு. வெடுக்குனு திருப்பும்போது அதோட உள்சுவர் கிழியறது அபூர்வம்தான், ஆனா கிழிஞ்சா பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோகும். சலூன்ல முடிவெட்டின கையோட கழுத்தைத் திருப்பி எடுக்கிற சொடக்குக்கும் இது பொருந்தும். தலைசுத்து, ரெட்டையாத் தெரியறது, பேச்சுக் குழறல் வந்தா வீட்டுல படுக்கப் போடாதீங்க.

அம்பை லைன்:
மேசையிலருந்து இறங்கின பிறகு: ஒரு நாள் ரெண்டு நாள் உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும், அது வழக்கம். அன்னைக்கு மூட்டை தூக்காதீங்க, அதுக்காகப் படுத்தும் கிடக்காதீங்க, நடங்க. ரெண்டு நாள் தாண்டியும் வலி கூடிக்கிட்டே போனாலோ, புதுசா காலுக்கு இறங்கினாலோ, செஞ்சவர் கிட்டயே போன் போட்டுச் சொல்லுங்க.

முக்கூடல் அக்கா:
எத்தனை தடவை போகணும், அண்ணாச்சி?

அம்பை லைன்:
நாலு தடவைக்குள்ள குனியறதுலயோ தூக்கத்துலயோ ஏதாவது மாத்தம் தெரியணும். தெரியலைன்னா வழியை மாத்தணும். இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டி போடுற நைஸ் (NICE) அமைப்பு 2016-ல வெளியிட்ட வழிகாட்டியே, முதுகு வலிக்குக் கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோட சேத்துத்தான் பரிந்துரைக்குது. பயிற்சி சொல்லித் தராம 20 தடவைக்கு மொத்தமா முன்பணம் கேட்டா கட்டாதீங்கக்கா.